பந்தி விசாரிக்கப் பிறந்த எங்கள் அண்ணன்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, நான் எழுதினால் அண்ணனைக் கொஞ்சம் திட்டியும் எழுதுவேன், சம்மதமா என்று கேட்டேன். நீ திட்டாமல் எழுதினால் யார் நம்பப் போகிறார்கள் என்றார் அண்ணி. அம்பத்தூரில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். அதட்டல் தொழிலோடு ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அண்ணனை அதட்டித்தான் எனக்கு அது பழக்கமானது. எங்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை, ஆனால் ஆயுளுக்கும் தீராத சண்டை. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே பந்தி நடந்தாலும் அண்ணன் அங்கே போய் நின்று சாப்பிடுகிறவர்களைக் கவனிப்பார். போகாதீர்கள் என்று நான் சொல்வேன். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது அருப்புக்கோட்டையில், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில். அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கவும், மூன்று வயதுப் பிள்ளையாக அம்மாவின் இடுப்பில் ரயிலேறி வந்தார். ஐந்து வருடம் கழித்து நான் குவார்ட்டர்ஸிலேயே பிறந்தேன். எங்கள் பிளாக்கில் ஆறு வீடு. கீழே நாகர்கோவில் குடும்பம், எதிரே கோயம்புத்தூர்க்காரர்கள், மாடியில் தஞ்சாவூர், அதற்குப் பக்கத்தில் வேலூர். ஒரே சாம்பார் ஆறு விதமாக மணக்கும். ஒரு வீட்டுக் குழம்பைப் பார்த்து இன்னொரு வீட்டார் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கிண்ணங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும். சந்தோஷமாக வளர்ந்தோம். ஒரு குறை மட்டும் ஆறு வீட்டுக்கும் பொது. ஒரு விசேஷம் என்றால் முன்னால் நிற்க மாமன், மச்சான், பங்காளி என்று யாரும் பக்கத்தில் கிடையாது. ஊரிலிருந்து வருகிறவர்கள் காலையில் வந்து சாயங்கால ரயிலைப் பிடிப்பார்கள். அக்கம்பக்கத்து ஆண்கள் ஷிப்டுக்கு ஓடுவார்கள்.

அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு, அப்பாவோடு பள்ளியில் படித்த ஒருவர் சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். அவர் யார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பந்தியில் உட்கார்ந்தார், முதல் சோறு விழுந்தது, அதற்குப் பிறகு அவர் பக்கம் யாரும் போகவில்லை. நாங்கள் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருந்தோம். அவர் பாதி இலையில் எழுந்து கை கழுவிக்கொண்டு போனதை அண்ணன் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து ஆறுதல் கடிதம் வந்தபோதுதான் அவர் அப்பாவின் சிநேகிதர் என்று தெரிந்தது. அதில் அந்த மனிதர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவ்வளவு தூரம் வந்தவரை அரை வயிற்றோடு அனுப்பிவிட்டோமே என்று அம்மா அழுதார்.

சில மாதங்களில் கீழ் வீட்டு நாகர்கோவில் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணைப் பெற்றவர் மேடையை விட்டு நகர முடியாமல் மாட்டிக்கொண்டார். அவர்கள் சொந்தக்காரர்கள் வந்த ரயில் வேறு தாமதம். அண்ணன் யாரையும் கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் இறங்கினார். அன்று இறங்கியவர்தான், கடைசிவரை ஏறவில்லை. பந்தி விசாரிப்பது நம்மிடம் உள்ள பழைய மரியாதை. விருந்து கொடுக்கிற வீட்டுப் பெரியவர் வரிசை வரிசையாக நடந்து, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிப் போவார். பெரும்பாலும் கும்பிட்ட கையோடு நடப்பதோடு சரி. அண்ணன் அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

தொழிற்சாலையில் அவருக்குப் பரிசோதனைப் பிரிவு. ஒரே மாதிரித் திருகாணிகள் தட்டுத் தட்டாக வரும். மரை சரியில்லாத ஒன்று அவற்றுக்குள் ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அதே கண்ணோடுதான் அண்ணன் இலையைப் பார்ப்பார். போதுமா என்று ஒரு நாளும் கேட்க மாட்டார். கேட்டால் மனுஷன் போதும்னுதான் சொல்லுவான் என்பார். வேணுமா என்றும் கேட்க மாட்டார். ரசம் இப்ப வரட்டுமா, கொஞ்சம் பொறுத்து வரட்டுமா என்பார். சாப்பிடுகிறவருக்கு நேர் எதிரில் நின்றால் கூச்சப்படுவார்கள் என்று பக்கவாட்டில் நிற்பார். கூட்டமாக வந்தவர்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, அவர்கள் சத்தம் போட்டு வாங்கிக்கொள்வார்கள். தனியாக வந்தவர், கை கழுவும் இடத்தை ஒட்டிக் கடைசி இலையில் உட்கார்ந்தவர், புது மருமகள், பல் இல்லாதவர், இவர்கள்தான் அண்ணனின் ஆட்கள். இலையில் எது முதலில் காலியாகிறதோ அதைத்தான் கேட்க வெட்கப்படுவார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. இலையை மடிக்கப் போற கை ஒரு கணம் தயங்கும் பாப்பா, அந்தக் கணத்துல நாம அங்க இருக்கணும் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் அப்போது பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், சரியாகக் காதில் வாங்கவில்லை.

குவார்ட்டர்ஸ் பந்தி என்றால் மாவட்டத் தகராறும் உண்டு. நாகர்கோவில்காரர்கள் பாயசத்தை இலையிலேயே வாங்கிப் பப்படத்தை நொறுக்கிச் சாப்பிடுவார்கள், டம்ளரில் கொடுத்தால் முகம் வாடிவிடும். எங்கள் மாடி வீட்டு வேலூர்க்காரருக்கு அதை இலையில் ஊற்றினால் முகம் வாடிவிடும். முதல் கவளம் பிசைகிற கையைப் பார்த்தே ஆள் எந்த ஊர் என்று அண்ணன் சொல்லிவிடுவார் என்பார் அண்ணி. கல்யாணமான புதிதில் அண்ணியை அவர் பந்திக்குப் பந்தி கூட்டிப்போய் இதைக் காட்டியிருக்கிறார். மற்ற பெண்கள் கடற்கரைக்குப் போன காலத்தில் நான் சாம்பார் வாளிக்குப் பின்னால் போனேன் என்று அண்ணி இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

பந்தி முடிந்ததும் அவர் செய்கிற காரியம்தான் எனக்கு ஆகவே ஆகாது. எச்சில் இலை விழுகிற தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று எட்டிப் பார்ப்பார். எது மீந்திருக்கிறது, எதை யாரும் தொடவே இல்லை என்று பார்த்துவிட்டு நேரே சமையற்கட்டுக்குப் போய், கூட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல், அடுத்த பந்திக்குள் சரிசெய்யுங்கள் என்பார். பட்டாபிராமைச் சேர்ந்த சமையல் மாஸ்டர் ஒருவர் முதல் முறை, நீ யாரு நைனா எனக்குச் சொல்றதுக்கு என்று கரண்டியைத் தூக்கியிருக்கிறார். மூன்றாவது கல்யாணத்தில் அவரே அண்ணனைத் தொட்டிப் பக்கம் அனுப்பிவைத்து, என்ன சேதி என்று காத்திருந்தார். அந்த நட்பு முப்பது வருடம் நீடித்தது.

இனி என் கல்யாணக் கதை. நசரத்பேட்டையில் நடந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு மண்டபம், இரண்டிலும் அன்றைக்கு முகூர்த்தம். அப்பா இல்லாததால் அண்ணனும் அண்ணியும்தான் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். தாலி கட்டிய பிறகு, ஓமத்தில் இடுவதற்குப் பொரியை எடுத்து என் கையில் போட வேண்டியவரும் அண்ணன்தான். முந்தின நாள் வரவேற்பில் கடைசிப் பந்தி வரை நின்றவரைப் பிடித்து அம்மா சத்தியம் வாங்கினார். நாளைக்கு நம் பந்திப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்றார். அண்ணனும் அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

தாலி கட்டியாயிற்று, அட்சதை விழுந்தது, பொரிக்குப் பெண்ணின் அண்ணனைக் கூப்பிடுங்கள் என்றார் ஐயர். அண்ணனைக் காணோம். ஐயர் நெய்யை ஊற்றி ஊற்றி ஓமத்தை அணையாமல் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணி எங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார், அங்கே இல்லை. அறைகளில் இல்லை, வாசலில் இல்லை. கடைசியில் சந்தேகப்பட்டுப் பக்கத்து மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எட்டிப் பார்த்தால், பட்டு வேட்டியும் நெற்றிச் சந்தனமுமாக அண்ணன் நடு வரிசையில் நின்று, இந்தப் பக்கம் பொங்கலுக்கு கொத்சு வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீடு என்று நினைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு சம்பந்திகளும் அவருக்குக் கும்பிடு போட்டார்களாம்.

அண்ணி கையைப் பிடித்து இழுத்து வந்தார். அங்கவஸ்திரத்தில் சாம்பார்க் கறையோடு மேடையேறி, மூச்சு வாங்க என் கையில் பொரி போட்டார். எங்கே போனீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நம்ம பந்திக்குப் போகலை பாப்பா, அம்மா மேல சத்தியம்" என்றார். "கை கழுவத்தான் போனேன். அங்க ஒரு வரிசைக்கு இலை போட்டு, தண்ணி தெளிச்சு, பத்து நிமிஷமா ஒருத்தரும் வரலை. பாத்துட்டு எப்படி வர்றது?"

என் வீட்டுக்காரர் அக்கினி சாட்சியாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது, பொரியை ஓமத்தில் போடுவதா அண்ணன் தலையில் போடுவதா என்று யோசிக்கிற முகம் எனக்கு.

புகுந்த வீட்டில் பல நாள் இதே பேச்சு. உங்க அண்ணன் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறாரா என்று மாமியார் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் அண்ணனை நினைத்து வெட்கப்பட்டேன், அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. என் மகனுக்குக் காதுகுத்து வைத்தபோது அண்ணனைத் தனியே அழைத்து, தாய்மாமனாக மடியில் வைத்துக் காது குத்தி முடித்ததும் மரியாதையாக நாற்காலியில் உட்காருங்கள், பந்திப் பக்கமோ தொட்டிப் பக்கமோ போனால் எனக்குத்தான் அவமானம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சரி பாப்பா என்றார். முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு முதல் வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். அன்று கவனிப்பில்லை என்று மாமியாரின் சொந்தத் தம்பியே பாதியில் எழுந்து போய், மூன்று வருடம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை என்பது தனிக் கதை.

பிறகு ஒருமுறை அண்ணனுக்கு வேறு மாநிலத்துத் தொழிற்சாலைக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சேதி கேட்டதும் அம்பத்தூரிலிருந்து ரயிலேறி ஆவடிக்குப் போய்ச் சண்டை போட்டேன். பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் உடம்பு என்று முதலில் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். ஊரான் வீட்டுப் பந்திக்காகவா இதை விடுகிறீர்கள் என்று நான் கேட்டதும் சாக்குச் சொல்வதை நிறுத்தினார்.

"பேக்டரி வேலை எனக்குக் குடுத்த வேலை பாப்பா. அதை எங்க உக்கார வச்சாலும் ஒழுங்காச் செய்வேன்" என்றார். "இது என் கண்ணுல பட்ட வேலை. ஒரு தடவை கண்ணுல பட்டுட்டா, பாக்காத மாதிரி இருக்க முடியலை."

கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றேன். மூடினாலும் இலையில் கை வழிக்கிற சத்தம் அவருக்குக் கேட்கும் என்று அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். கோபத்தோடு கிளம்பிவிட்டேன். இப்போது யோசித்தால் அந்தக் கோபத்தில் பாதி பொறாமை என்று தெரிகிறது. எனக்குக் கொடுத்த வேலையை நானும் ஒழுங்காகத்தான் செய்தேன். மணி அடித்தால் போனேன், மணி அடித்தால் வந்தேன். என் கண்ணில் மட்டும் படுகிற வேலை என்று ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. அண்ணனுக்கு வாய்த்தது, அது வாய்த்தவர் முகம் எப்படி இருக்கும் என்பதை வாரத்துக்கு ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே நான் எரிந்து விழுந்தேன்.

ஓய்வு பெற்றதும் அண்ணனும் அண்ணியும் நெமிலிச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கினார்கள். அங்கே பெரும்பாலும் கணினி வேலைக்குப் போகும் இளம் குடும்பங்கள். அவர்கள் வீட்டு விருந்தில் தட்டை ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். வரிசையும் இல்லை, இலையும் இல்லை, இனி அண்ணன் ஓய்ந்துவிடுவார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவரோ அதற்கும் ஒரு வழி கண்டார். இடுப்பில் குழந்தையும் கையில் தட்டுமாகத் திண்டாடுகிற பெண்ணிடம் போய்க் குழந்தையை வாங்கிக்கொள்வார். யாரையும் தெரியாமல் சுவரோரம் நிற்கிறவர் பக்கத்தில் போய் நின்று, அந்த வறுவல் தீரப் போகிறது, இப்போதே போங்கள் என்று ரகசியம் சொல்வார். கேட்டரிங் மேனேஜர் என்று நினைத்து ஒரு பையன் அவரிடம் ஸ்பூன் கேட்டானாம். கொண்டுவந்து கொடுத்தேன் என்று பரிசு வாங்கியவர் போல என்னிடம் வந்து சொன்னார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள், பிறகு தொண்டையில் கட்டி என்றார்கள். பெரிய ஆபரேஷன். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் குரல்வளையை எடுக்க வேண்டியதாயிற்று. வாய் வழியாகச் சாப்பாடு இறங்காது, வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் கஞ்சி. எத்தனையோ பேரைச் சாப்பிட வைத்தவரால் ஒரு பருக்கை விழுங்க முடியவில்லை, ஒரு வார்த்தை பேச முடியவில்லை. எழுதி அழிக்கிற சிறு பலகை ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். அண்ணி வீட்டில் தாளிப்பதையே விட்டுவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடி சாப்பிடுவார். ஒரு நாள் அண்ணன் அந்தக் கதவைத் தட்டிப் பலகையைக் காட்டினார். "ரசம் தாளி. வாசனை வரட்டும்" என்று எழுதியிருந்தது. அதைத் தவிர ஆபரேஷனுக்குப் பிந்திய மூன்று மாதத்தில் அவர் பெரிதாக எதுவும் எழுதவில்லை. பால்கனியில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் பட்டாபிராம் மாஸ்டர் வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணாத்தே, வர்ற முகூர்த்தத்துக்கு நம்ம பட்டாபிராம்ல ஒரு கல்யாணம் கீது. மதியம் சாப்பாட்டுக்கு வந்துடு. நீ ஒண்ணும் பேச வேணாம், சும்மா வந்து நில்லு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வயதைக்கூடப் பார்க்கவில்லை. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத மனிதரைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்துவீர்களா, உங்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"திட்டுங்க டீச்சர், வாங்கிக்கிறேன். நா இன்னா சொல்றேன்னா, இவரு இல்லாத பந்தியில பசங்க வாளியத் தூக்கிகினு ஓடுறானுங்க. யாரு இலையில இன்னா கீதுன்னு பாக்க ஆளு இல்ல. எனக்கு ஆக்கவே புடிக்கலை" என்றார்.

அண்ணன் பலகையை எடுத்தார். நிறுத்தி நிறுத்தி எழுதினார். "எனக்குப் பசி இல்லை பாப்பா. அவங்களுக்கு இருக்கும்." நான் விடவில்லை. நீங்கள் போனால் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். அண்ணன் கழுத்தில் கிடந்த துண்டால் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். "நீயும் வா."

போனேன். அவர் அங்கே வாடிப்போய் நிற்பதைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் போனேன். கழுத்துத் துளையை மறைத்து ஒரு பருத்தித் துண்டைச் சுற்றிக்கொண்டு அண்ணன் முதல் வரிசையில் இறங்கினார். நான் ஒரு தூணோரம் நின்றேன். அத்தனை வருடச் சண்டையில் அன்றைக்குத்தான் அவர் வேலை செய்வதை முதல்முறையாக முழுதாகப் பார்த்தேன். வரிசைக் கோடியில் தனியாக ஓர் அம்மாள். அவர் இலையில் வாழைக்காய் வறுவல் மட்டும் காலி. அண்ணன் பக்கவாட்டில் போய் நின்று, பரிமாறுகிறவரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கி அந்த இடத்தைக் காட்டினார். வறுவல் வந்தது. அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். அண்ணன் அடுத்த இலைக்குப் போனார். அவர் வேகம் குறையவில்லை. கேட்பதற்குக் குரல் இல்லாமல் போனதை அவர் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை. அவர் என்றைக்குமே பார்த்துத்தான் தெரிந்துகொண்டார், எங்கள் திருப்திக்குத்தான் கேட்டிருக்கிறார் போல.

கடைசி இலையில் ஒரு பெரியவர். அண்ணன் கையைக் காட்டவும் தயிர் வாளிக்காரர் வந்து அவருக்கு ஊற்றிவிட்டுப் போனார். பெரியவருக்குச் சந்தோஷம். நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா என்று விசாரித்தார். அண்ணன் கழுத்துத் துண்டைத் தொட்டுக் காட்டிக் கை கூப்பினார். பெரியவருக்குப் புரிந்தது, முகம் இளகிவிட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல், நாம் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

எனக்கு உயிரே போய்விட்டது. தூணை விட்டு நகர்ந்து அண்ணன் கையைப் பிடிக்கப் போனேன். அதற்குள் அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக, ஆயிற்று என்று தலையை ஆட்டி, வயிற்றைத் தடவிக் காட்டினார். அந்த மனிதருக்காகச் சொன்ன பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் நான், அண்ணனுக்கு வயிறு நிறைந்தால் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது பொய் இல்லை. நான் தூணுக்குப் பின்னாலேயே போய் அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். பந்தி முடிந்து தொட்டிப் பக்கம் அவர் எட்டிப் பார்த்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், கஷ்டமாக இல்லையா அண்ணே என்று கேட்டேன். அவர் பலகையில் மளமளவென்று எழுதிக் காட்டினார். "மூணாவது வரிசை நீலச் சட்டை மோர் கேட்டார். குடுத்தாங்களா?" எங்கள் சண்டை அங்கே முடிந்தது. தோற்றது நான்தான், அதை இந்த மலரில் எழுத்திலேயே கொடுத்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேல் அண்ணன் பந்திக்குப் போனார். துணைக்கு அண்ணி போவார், பள்ளி விடுமுறை நாட்களில் நான் போவேன். எங்களைச் சமையற்கட்டில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் நடப்பார். குரல் போனபின் அவருக்குக் குறும்பு கூடிவிட்டது. நான் அதட்ட ஆரம்பித்தால் பலகையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுவார். உடம்பு முழுக்கத் தளர்ந்த பிறகும், கடைசியாக ஒரு வளைகாப்புக்குச் சக்கர நாற்காலியில் போய், உட்கார்ந்த உயரத்துக்கு இலை இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று எழுதினார். மூன்று வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில், வீட்டிலேயே, அண்ணி கையைப் பிடித்தபடி அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அன்று வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பாவை எப்படித் தெரியும் என்று அண்ணனின் பிள்ளைகள் கேட்டபோது, எத்தனையோ பேர் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ஒரு கல்யாணத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், என் பக்கத்தில் வந்து நின்றார் என்றார்கள். அவர்களில் பலருக்கு அண்ணனின் பெயர்கூடத் தெரிந்திருக்கவில்லை.

ஆபரேஷன் செய்த மருத்துவர்களுக்கும், குழாயைச் சுத்தம் செய்ய வீட்டுக்கே வந்து அண்ணிக்குப் பழக்கிக் கொடுத்த செவிலியருக்கும், தொழிற்சாலைத் தோழர்களுக்கும், குவார்ட்டர்ஸ் காலத்து ஆறு வீட்டாருக்கும், நெமிலிச்சேரிக் குடியிருப்பின் பிள்ளைகளுக்கும், சக்கர நாற்காலியை மாடிப்படியில் தூக்கி இறக்கிய தம்பிமார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பட்டாபிராம் மாஸ்டரிடம் நான் அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கே எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். இன்றைய சமையலும் அவருடையதுதான்.

இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நீங்கள் இன்னும் சற்று நேரத்தில் சாப்பிட உட்காருவீர்கள். ஒரு பக்க வரிசையில் அண்ணி வருவார், மறுபக்க வரிசையில் நான் வருவேன். அண்ணி பழகியவர். எனக்கு இதுதான் முதல் பந்தி. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது என் கண்ணுக்குத் தெரியாது, அண்ணனுக்கு அமைந்த பார்வை எனக்கு அமையவில்லை. அதனால் ஓர் உதவி கேட்கிறேன். நான் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும்போது கூச்சப்படாமல், வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள்.